வரையறையும் வாட்ஸ்அப்பும்

கே: பிரிட்டனில் தொழிற்கட்சி, 'யூத வெறுப்பு' எதுவென்று வரையறுக்கப் போய் உள்ளுக்குள்ளேயே அடித்துக்கொண்டதாமே? நம் பக்கம் இப்படி உண்டா?
– ஒரு வாசகர், கடலூர் முதுநகர்

ப: ஒரு சர்வதேச அமைப்பு வகுத்த வரையறை அது. அந்த வரையறையில் சண்டை இல்லை, அதோடு தந்த 11 உதாரணங்களில்தான். 2018 ஜூலையில் நாலை அப்படியே ஏற்க மாட்டோம் என்றது கட்சி. நாலும் இஸ்ரேல் சம்பந்தப்பட்டவை. பத்திரிகைகள் கோடை முழுக்க அதையே கொதிக்க வைத்தன. செப்டம்பரில் பதினொன்றையும் ஏற்றார்கள். வெறுப்பைக் கண்டிப்பதும் வேண்டும், ஒரு அரசை விமர்சிப்பதும் வேண்டும். இரண்டுக்கும் நடுவே கோடு போடுகிறவன் பாடு திண்டாட்டம்தான்.

நம் பக்கமா? உங்கள் பக்கத்து ஊரே சாட்சி. 2020-ல் சிதம்பரம் எம்.பி. திருமாவளவன் இணையவழிக் கருத்தரங்கில் மனுஸ்மிருதி பற்றிப் பேசினார். அதில் ஒரு துண்டு வாட்ஸ்அப்பில் கிளம்பியது. 'பெண்களை இழிவுபடுத்திவிட்டார்' என்றது ஒரு தரப்பு. 'நூலில் இருப்பதைத்தானே சொன்னேன்' என்றார் அவர். வழக்கும் வந்தது. அக்டோபர் 27-ல் சிதம்பரத்துக்குப் போராடக் கிளம்பிய பா.ஜ.க.வின் குஷ்புவை முட்டுக்காட்டிலேயே போலீஸ் மடக்கியது. நடராஜரைத் தரிசிக்கவாவது விட்டிருக்கலாம்! இரண்டே நாளில், 29-ஆம் தேதி, லண்டனில் அதே யூத வெறுப்பு விவகாரத்தில் முன்னாள் தலைவர் ஜெரமி கோர்பினைத் தொழிற்கட்சி இடைநீக்கம் செய்தது.

முழுப் பேச்சைக் கேட்டவர்கள் எத்தனை பேர் என்று எந்தச் சேனலும் விவாதம் வைக்கவில்லை. 2019-ல் 3,219 வாக்கில் தப்பித்த திருமாவளவன், 2024-ல் லட்சத்துக்கும் மேல் வித்தியாசத்தில் ஜெயித்தார்.