தொழில்: மாணவன்

முப்பது வயசுக்கு மேல் வேலையை விட்டுவிட்டுக் கல்லூரிக்குப் போகிறவர்களுக்கு உபயோகமாக நாலு குறிப்பு எழுதித் தாருங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை திருமங்கலத்தில் ஒரு காதுகுத்துக்குப் போய்த் தொலைத்தேன். அந்த எரிச்சல் இன்னும் ஆறவில்லை. அதை முதலில் கொட்டிவிட்டுக் குறிப்புகளுக்கு வருகிறேன்.

மொய் மேஜையில் பேர் சொன்னேன், ஊர் சொன்னேன், ஆயிரத்து ஒன்றை நீட்டினேன். "தொழில்?" என்றார் எழுதுகிறவர். "ஸ்டூடன்ட்" என்றேன். நிமிர்ந்து என் மீசையைப் பார்த்தார். நெற்றி ஏறிய தூரத்தைப் பார்த்தார். கையைப் பிடித்துக்கொண்டு நின்ற மகளைப் பார்த்தார்.

"பாப்பா படிக்குது, சரிண்ணே. நீங்க?"

"நானும்தான். லா காலேஜ், முதல் வருஷம்."

பேனாவை மூடிவிட்டார். பக்கத்தில் பணம் எண்ணிக்கொண்டிருந்தவரிடம், "ஏப்பா, அண்ணன் படிக்கிறாராம்" என்றார். அவர் எண்ணுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். வரிசையும் பார்த்தது. கடைசியில் அவராகவே 'மருந்துக் கம்பெனி' என்று எழுதிக்கொண்டார். "பழைய நோட்டுல அப்படித்தான் இருக்கும்ணே. மாத்துனா குழம்பிரும்."

பந்தியில் உட்கார்ந்த பிறகுதான் அவர் சொன்னது எவ்வளவு சரி என்று உறைத்தது. உறைத்ததும் எரிச்சல் இன்னும் கூடிப்போனது. மெடிக்கல் ரெப்பாகப் பை தூக்கிய காலத்தில் நான் எழுதிய மொய்யெல்லாம் உசிலம்பட்டியிலும் மேலூரிலும் வாடிப்பட்டியிலும் 'மருந்துக் கம்பெனி' என்ற பேரில்தான் கிடக்கிறது. நாளைக்கு நான் ஒரு விசேஷம் வைத்தால் அவரவர் வீட்டு நோட்டைப் புரட்டுவார்கள். நோட்டில் மருந்துக் கம்பெனி, பத்திரிகையில் சட்டக் கல்லூரி. 'இது வேற ஆளு போல' என்று மூடிவைத்துவிட்டால் நான் யாரிடம் போய் நிற்பது?

அடையாளம் கண்டுகொண்டாலும் ஆபத்துதான். படிக்கிற பையனுக்கு எவன் ஐந்நூற்று ஒன்றைத் திருப்புவான்? 'நோட்டுப் புஸ்தகம் வாங்கிக்கட்டும்' என்று நூற்று ஒன்றோடு முடித்துவிடுவான். கைமாற்றுக் கடன் என்றால் மூன்று வருஷத்துக்குள் வழக்குப் போடலாம் என்கிறது 1963-ம் வருஷத்து லிமிடேஷன் சட்டம். மொய்க்கு அப்படி ஒரு கெடுவும் கிடையாது. தாத்தா வாங்கியதைப் பேரன் திருப்பவேண்டும். திருப்பாவிட்டால் கோர்ட்டுக்கும் போக முடியாது, அடுத்த விசேஷத்துக்கும் போகாமல் இருக்க முடியாது.

இன்னொன்றும் இருக்கிறது. படிக்கிற பிள்ளை எங்கேயாவது மொய் எழுதுமா? அப்பா பேரில் எழுதிவிட்டு நேராகப் பந்திக்குப் போவதுதானே வழக்கம்? அப்படியானால் படிப்பு முடியும்வரை எனக்கும் விலக்கு உண்டு. இதை வீட்டில் சொன்னேன். அப்பா படித்துக்கொண்டிருந்த பேப்பரை இறக்காமலேயே, "சரிடா, அப்ப இதுவரைக்கும் நீ எழுதுனதெல்லாம் எனக்குத் திரும்பி வரட்டும்" என்றார். தாலுகா ஆபீஸ் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். கணக்கில் அவரை ஜெயிக்க முடியாது.

நண்பன் ஒருவன் வேறு வழி சொன்னான். "மாப்ள, பேசாம காலேஜ்ல சேர்ந்ததுக்கே ஒரு விசேஷம் வையி. பழைய பாக்கி பூரா வந்து விழுந்துரும்." கேலியாகத்தான் சொன்னான். நான்தான் ராத்திரி முழுக்க அதையே யோசித்துக்கொண்டு படுத்திருந்தேன். பைபாஸ் ரோட்டில் இருபதடிக்கு ஃப்ளெக்ஸ். நான் கூலிங் கிளாஸோடு. 'முதலாமாண்டு நாயகனே!' கீழே தாய்மாமன்கள் வரிசையாக, ஸ்டாம்ப் சைஸில். மனைவிதான் காலையில் கணக்குப் போட்டுக் காட்டினாள், என் வருஷ ஃபீஸைவிட ஃப்ளெக்ஸுக்குக் கூட ஆகும் என்று. அவள் சம்பளத்தில்தான் இப்போது வீடு ஓடுகிறது. மறுபேச்சுப் பேச முடியாது.

மொய் போதும். விஷயத்துக்கு வருகிறேன்.

வயசைக் காட்டி மிரட்டுகிறவர்களுக்காக ஒரு தகவல். மூன்று வருஷ சட்டப் படிப்பில் சேர 30 வயசுதான் வரம்பு என்று 2008-ல் பார் கவுன்சில் விதி போட்டது. இடையில் கைவிட்டது. 2016-ல் திரும்பவும் சுற்றறிக்கை விட்டது. 2017-ல் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை போட்டது. டெல்லியில் தடை விழுந்துவிட்டது, திருமங்கலத்தில்தான் இன்னும் விசாரணை நடக்கிறது. படித்து முடித்து வக்கீலாகப் பதிவு செய்வதற்கும் பொதுப்பிரிவில் 750 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று 2024 ஜூலையில் தீர்ப்பு வந்தது. நான் எழுதிய மொய்யைவிடக் குறைவு. பாருங்கள், திரும்பவும் மொய்யில்தான் வந்து நிற்கிறேன்.

இந்த மதுரையில் நாற்பது வயசில் பரோட்டாக் கடை போட்டால் 'தைரியமான ஆளுப்பா' என்கிறார்கள். ஐம்பதில் கட்சி மாறினால் மாலை போடுகிறார்கள். படிக்கப் போனால் மட்டும் "வேலைய விட்டுத் தூக்கிட்டாய்ங்களா?" என்று துக்கம் விசாரிக்கிறார்கள். 1921 செப்டம்பரில் மேலமாசி வீதியில் ஒரு வீட்டில் தங்கியிருந்த ஒரு வக்கீல், 51 வயசில், வேட்டி சட்டையை விட்டுவிட்டு இடுப்பில் ஒரு துண்டோடு வெளியே வந்தார். அதற்கு இன்றைக்கும் பெருமைப்படுகிறோம். நான் டையைக் கழற்றிவிட்டு வெள்ளைச் சட்டை போட்டதற்குத்தான் இத்தனை கேள்வி.

படிப்பின் அருமை தெரியாத ஊரும் இல்லை இது. 1966-ல் இங்கே பல்கலைக்கழகம் வந்தது. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட காமராஜர் பேரை 1978-ல் அதற்கு வைத்தார்கள். அதன் அஞ்சல் வழிப் படிப்பில் பட்டம் வாங்கிய கண்டக்டரும் ஏட்டய்யாவும் கடைக் கணக்குப்பிள்ளையும் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். ஒருவரையும் யாரும் ஒன்றும் கேட்டதில்லை. ஏனென்றால் அவர்கள் ராத்திரியில், கதவைச் சாத்திக்கொண்டு படித்தார்கள். மீசை வைத்த ஆம்பிளை பட்டப்பகலில் பையை மாட்டிக்கொண்டு டவுன் பஸ் ஏறுவதுதான் ஊருக்குப் பொறுக்கவில்லை.

இத்தனைக்கும் இப்போது ஒத்தக்கடை ஹைகோர்ட் கிளையில் எல்லாருமே முதல் வருஷம்தான். 2024 ஜூலை 1-லிருந்து இந்தியத் தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. கொலைக்கு 302 என்று சினிமா பார்த்தே மனப்பாடம் செய்த தேசத்துக்கு இப்போது 103. ஊரே திட்டப் பயன்படுத்திய 420, 318(4) ஆகிவிட்டது. கோபத்தில் ஒருவனைப் பார்த்து 'போடா முந்நூற்றுப் பதினெட்டு, உட்பிரிவு நாலு' என்று கத்திப் பாருங்கள். தலை நரைத்த சீனியர்களே புதுப் பிரிவு எண்ணை அட்டவணையில் தேடுகிறார்கள். அவர்களிடம் யாரும் வயசு கேட்பதில்லை.

நேற்றுச் சாயங்காலம் சோழவந்தானிலிருந்து பெரியப்பா வந்தார். அத்தையும் கூட வந்திருந்தார். காப்பி டம்ளரைக் கையில் வாங்கியதும் வழக்கமான கேள்வி. "ஏன்டா, இந்த வயசுல படிச்சு என்னத்தக் கிழிக்கப் போற?" நான் வாயைத் திறக்கவில்லை. காப்பி பாதியானதும் அவர் குரல் இறங்கியது.

"சரி, படிக்கிறேல்ல. நம்ம பூர்வீக வயலு இன்னும் கூட்டுப் பட்டாவாவே கெடக்கு. உங்கப்பனும் நானும் ரெண்டு பங்கா பிரிச்சுக்கலாம்னு பாக்குறோம். என்ன செய்யணும்?"

"2004 டிசம்பர் 20-க்கு முன்னாடி பத்திரம் போட்டுப் பிரிச்சீங்களா பெரியப்பா?"

"எங்கடா பிரிச்சோம்? அதானே கேக்குறேன்."

"அப்ப மூணு பங்கு."

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. அத்தை வாசல்படியில் வந்து நின்று, "எனக்குக் கல்யாணம் 84-ல தம்பி" என்றார். நியாயமான சந்தேகம். தமிழ்நாட்டில் 1989-ல் வந்த சட்டம், அதற்கு முன்பே கல்யாணமான பெண்களுக்குப் பங்கு தரவில்லை. 2005-ல் மத்தியச் சட்டத்தைத் திருத்தியபோது அந்தக் கதவைத் திறந்துவிட்டார்கள். அப்பா உயிரோடு இருந்தாரா இல்லையா என்பதெல்லாம் கணக்கில்லை என்று 2020-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. முதல் வருஷக்காரனின் உற்சாகத்தோடு எல்லாவற்றையும் விளக்கினேன். அப்பா பேப்பரை இறக்கியதை அப்போதுதான் பார்த்தேன்.

அத்தை உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்து, "அந்த வருஷத்த ஒரு பேப்பர்ல எழுதிக் குடு தம்பி" என்றார். எழுதிக் கொடுத்தேன். பெரியப்பா மிச்சக் காப்பியைக் குடிக்காமலேயே எழுந்துவிட்டார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே அப்பாவிடம் அவர் சொன்னது உள்ளேவரை கேட்டது.

"மருந்து கம்பெனியிலயே ஒழுங்கா இருந்திருக்கலாம்லடா இவன்?"

"நானும் அதத்தான சொன்னேன்" என்றார் அப்பா.