தொண்டை ஒரு கட்டை, பாட்டு ஒரு கட்டை

ஈஸ்ட் ஹாம், லண்டன்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

வெள்ளைக்காரன் கச்சேரியில் எல்லாமே கத்தல்தானே, பாடகருக்குத் தொண்டை சரியில்லாவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று கேட்டிருந்தீர்கள். இங்கே அதற்காகவே முப்பது வருஷமாகப் பஞ்சாயத்து நடக்கிறது. நம் ஆட்கள் இட்லி மாவு விற்கும் இந்தப் பேட்டையிலிருந்து பஸ்ஸில் போகிற தூரம்தான் லேட்டன். 1975இல் அங்கே பேஸ் கிதார்காரர் ஸ்டீவ் ஹாரிஸ் தொடங்கிய ஹெவி மெட்டல் குழு அயர்ன் மெய்டன். ரயில் ரத்தானாலும் முகம் சுளிக்காத இந்த ஊர் ரசிகர்கள், அவர்களுடைய 1995ஆம் வருஷத்து 'தி எக்ஸ் ஃபேக்டர்' ஆல்பத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் மட்டும் குரலை உயர்த்திவிடுகிறார்கள்.

மேல் ஸ்தாயியில் சர்வசாதாரணமாக உலவும் பாடகர் புரூஸ் டிக்கின்சன் 1993இல் விலகிப்போனார். அந்த இடத்துக்கு வந்த பிளேஸ் பெய்லிக்குக் கனத்த, கீழ் ஸ்தாயிக் குரல். இசையில் குறை சொல்ல அதிகமில்லை. முதல் பாட்டு 'சைன் ஆஃப் தி கிராஸ்' பதினோரு நிமிஷம் ஓடுகிறது. உம்பர்த்தோ எக்கோவின் மடாலய நாவலிலிருந்து பிறந்த பாட்டு. துறவிகள் ஓதுவதுபோல் ஒரு கூட்டுக்குரல், அதன்பின் பேஸ் மெதுவாக அடியெடுத்து வைக்க, கிதார்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்து பாட்டைத் தூக்குகின்றன. பல்லவி வானத்துக்கு ஏற வேண்டிய இடத்தில் பாடகர் மட்டும் திண்ணையிலேயே உட்கார்ந்துவிடுகிறார். டிக்கின்சன் பாடி 1992இல் வந்த ஆல்பம் பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. 'தி எக்ஸ் ஃபேக்ட'ருக்கு 8ஆம் இடம். 1998இல் வந்த அடுத்ததற்கு 16. ஆனால் அந்த வருஷங்களில் இந்த வகை இசைக்கே மவுசு இறங்கியிருந்தது. ஆகையால் விற்பனையைச் சாட்சிக்கு அழைக்க மாட்டேன்.

என் சாட்சி வேறு. டிக்கின்சன் திரும்பி வந்து, 2001 ஜனவரியில் ரியோவில் இதே பாட்டைப் பாடினார். மெட்டு அதுதான், நீளமும் ஏறக்குறைய அதுதான். பல்லவி மட்டும் எழுந்து நிற்கிறது. பழைய பாடகர் மேல் உள்ள பாசம் உங்கள் காதை மயக்குகிறது என்பார்கள். பாசம் கைதட்டலைக் கூட்டும், எட்டாத ஸ்வரத்தை எட்டவைக்காது. ஒலிப்பதிவு வறட்சி என்பார்கள். அதே வறட்சியில்தான் கிதாரும் பதிவாகியிருக்கிறது, அது பிழைத்துக்கொண்டதே! இருண்ட பாட்டுகளுக்கு இருண்ட குரல்தான் பொருத்தம் என்பதில் மட்டும் பாதி நியாயம் உண்டு. தணிந்து போகிற இடங்களில் பெய்லி நன்றாகவே பாடுகிறார்.

அதனால்தான் அவரை முழுக் குற்றவாளியாக்க எனக்கு மனசு வரவில்லை. குழுவை விட்டு அனுப்பியபின், 2000இல், அவர் தனியாக வெளியிட்ட 'சிலிகன் மெசையா' ஆல்பத்தில் கிதார்களும் தாழ்ந்து, கனத்து ஒலிக்கின்றன. அதே குரல் அங்கே கம்பீரமாக இருக்கிறது. நம் சபாவில் பாடுகிறவரின் கட்டைக்குத்தானே வயலினும் மிருதங்கமும் சுருதி சேர்க்கும்? மேடையில் டிக்கின்சனுக்காகப் பிறந்த பழைய பாட்டுகளையும் அதே சுருதியில் பெய்லியிடம் கொடுத்தார்கள். தொண்டை கெட்டுக் கச்சேரிகள் ரத்தாகின. ஆல்பத்தைக் கெடுத்தது பாடகர்தான், சந்தேகமில்லை. அவருக்குச் சேராத இடத்தில் அவரை உட்காரவைத்தது குழு.

முதலில் ரியோ பதிவைக் கேளுங்கள், பிறகு 1995ஐ. தீர்ப்பை எழுதி அனுப்புங்கள். ஆல்பத்தின் அட்டையில் எடி என்ற பிணப் பொம்மையை உயிரோடு அறுக்கிறார்கள். சித்தி கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.