தீர்ப்பு ஒத்திவைக்கப்படுகிறது

டெங்கிலில் சனிக்கிழமை காலை ஏழரைக்கு ஒரு பட்டிமன்றம் கூடுகிறது. மேடையும் பொன்னாடையும் கிடையாது. மாமாக் கடை ஐந்தடியில் இழுத்துப் போட்ட இரண்டு மேசைகள், ஏழெட்டு நாற்காலிகள், அவ்வளவுதான். தலைப்பு மூன்று ஆண்டுகளாக மாறவில்லை: உடம்பு இளைக்கச் சிறந்தது கார்டியோவா, வெயிட்டா?

நடுவர்தான் நம் ஆள். வயது ஐம்பத்திரண்டு. எடை அவர் கணக்கில் 96 கிலோ, மனைவி கணக்கில் 101. உடம்பைக் குறைப்பது என்று முடிவெடுத்துவிட்டார், அதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். எந்த வழியில் என்று மட்டும் தெரிந்துவிட்டால் மறு நிமிடமே இறங்கிவிடுவார். தப்பான வழியில் இறங்கி, சிந்திய வியர்வை வீணாய்ப் போய்விடக் கூடாதே என்பதுதான் கவலை. மூன்று வருடமாக ஒரு சொட்டும் வீணாகவில்லை.

சோம்பேறி என்று ஒதுக்கிவிடாதீர்கள். சோம்பேறிக்கு இந்தத் தலைப்பிலேயே அக்கறை இருக்காது. இவருக்கோ தலைப்பைத் தவிர வேறு எதிலும் அக்கறை இல்லை. தசை எந்த நேரத்தில் வளர்கிறது, கொழுப்பு எத்தனையாவது நிமிடத்தில் எரியத் தொடங்குகிறது, வெறும் வயிற்றில் ஓடலாமா என்பதெல்லாம் நாக்கு நுனியில். இத்தனையும் சொல்லி முடித்த அதே மூச்சில், "அண்ணே, ரொட்டி பாஞ்சிர் ஒண்ணு, தே தாரிக் குராங் மானிஸ்" என்பார். அந்தக் 'குராங் மானிஸை'ச் சொல்லும்போது முகத்தில் ஒரு துறவியின் களை தெரியும்.

இடப்பக்கம் நடைக்கட்சி. புத்ராஜெயா ஏரியைச் சுற்றிவிட்டு நேராக வருபவர்கள், சட்டை முதுகோடு ஒட்டியிருக்கும். வலப்பக்கம் இரும்புக்கட்சி. இரண்டு இளைஞர்கள், ஒரு பள்ளி ஆசிரியர். ஆசிரியர் புரதப் பொடியைக் குலுக்கிக் குடித்துக்கொண்டே பேசுவார். இரண்டு தரப்பும் பேச, நடுவர் குறிப்பு எடுப்பார். உண்மையில் அந்தக் கடையில் உடற்பயிற்சி செய்பவர் ஒரே ஒருவர்தான். தே இழுக்கும் அண்ணன். காலை ஐந்து மணியிலிருந்து வலது கை மேலே, இடது கை கீழே. அவர் எந்தக் கட்சி என்று இன்றுவரை யாரும் கேட்டதில்லை.

கார்டியோ வாதம் எளியது. நட, ஓடு, எரியும். ஒரு ரொட்டி சானாயில் ஏறக்குறைய 300 கலோரி. நடுத்தர உடம்புக்காரர் அதை எரிக்க ஒரு மணி நேரம் வேகமாக நடக்க வேண்டும். "பார்த்தீங்களா, நடந்தா எரியுது" என்று நடைக்கட்சி மேசையைத் தட்டும். நடுவர் தட்டிலிருக்கும் ரொட்டியைப் பார்ப்பார், பிறகு பாதையைப் பார்ப்பார். "ஒரு மணி நேரமா?" என்று கேட்டு அதைக் குறித்துக்கொள்வார்.

இரும்புக்கட்சி விடாது. "ஓடினா ஓடுற வரைக்கும்தான் எரியும். வெயிட் தூக்குனா தூங்குறப்பவும் எரியும், அங்கிள்." தூங்கும்போதே இளைக்கலாம் என்ற செய்தி நடுவரை மிகவும் ஈர்த்தது. இரண்டு வாரம் அந்தப் பக்கமே சாய்ந்திருந்தார். நான்தான் கெடுத்தேன். ஒரு கிலோ தசை சும்மா இருக்கையில் ஒரு நாளைக்கு எரிப்பது சுமார் 13 கலோரி. மாதக்கணக்கில் தூக்கி இரண்டு கிலோ தசை ஏற்றினாலும் நாளைக்கு 26. தே தாரிக்கில் இரண்டு மூன்று வாய் கணக்கு. சொன்னதும் நடுவர் நிமிர்ந்து நடுநிலைக்கு வந்துவிட்டார்.

அவர் ஜிம்மில் சேராதவரும் அல்லர். எட்டு மாதம் வெள்ளி கட்டினார், மூன்று தரம் போனார். முதல் நாள் பயிற்சியாளரை டிரெட்மில் பக்கத்தில் நிறுத்திவைத்து ஒரு மணி நேரம் குறுக்கு விசாரணை நடத்தினார். அன்று வியர்த்தது பயிற்சியாளருக்கு.

கையில் ஓர் அறிவுக் கடிகாரமும் உண்டு. நாளைக்குப் பத்தாயிரம் அடி என்று இலக்கு வைத்திருக்கிறார். அந்தப் பத்தாயிரம் எந்த வைத்தியரும் அளந்து சொன்னதல்ல. 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியின் பெயர் 'மான்போ-கெய்'. பத்தாயிரம் அடி மானி என்று பொருள். பேர் பிடித்துக்கொண்டது, உலகம் நடக்கத் தொடங்கியது. போகட்டும். நடுவரின் கடிகாரம் கை அசைவை வைத்து எண்ணும் வகை. சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை, வாதம் உச்சத்தில் இருக்கையில் கடிகாரம் நடுங்கிற்று. உட்கார்ந்த இடத்தில், கையை ஆட்டி ஆட்டி, நாலாயிரம் அடி நடந்திருக்கிறார். கண்கலங்க எல்லாருக்கும் காட்டினார்.

புள்ளிவிவரம் சொல்லி அவரைப் பயமுறுத்த முடியாது. தேசிய சுகாதார ஆய்வின்படி 2019இல் மலேசியப் பெரியவர்களில் 50.1 விழுக்காட்டினர் அதிக எடையோ உடல் பருமனோ உள்ளவர்கள். 2023இல் அது 54.4 ஆகிவிட்டது. நான் வாசித்துக் காட்டினேன். நடுவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "தம்பி, இந்த நாட்டுல நமக்குப் பெரும்பான்மை கிடைச்சது இது ஒண்ணுலதான்" என்றார்.

பாயா இண்டா ஈரநிலப் பூங்கா டெங்கிலிலேயே இருக்கிறது. ஈயம் தோண்டிய பள்ளங்கள் ஏரிகளாகி, மரமும் பறவையுமாக நிற்கும் இடம். நடக்க அதைவிடத் தோதான இடம் இந்தச் சுற்றுவட்டாரத்தில் இல்லை. போகலாமே என்றால், "அங்க முதலை இருக்கு" என்பார். முதலை இருந்தால் கார்டியோ தானாக வருமே என்றது நடைக்கட்சி. அதற்கு நடுவர் சொன்ன பதிலை யாராலும் இன்னும் மறுக்க முடியவில்லை: "அங்கயே நீர்யானையும் இருக்கு. திங்கிறது புல்லு. நாள் பூரா தண்ணியில நடக்குது. இளைச்சுதா?"

பத்துமலையையும் சாட்சிக் கூண்டில் ஏற்றிப் பார்த்தோம். 272 படிகள், தோளில் காவடி. அதில் ஓட்டமும் இருக்கிறது பளுவும் இருக்கிறது, ஆகவே கலப்பட சாட்சி, செல்லாது என்று தள்ளிவிட்டார்.

கடைசியில் நான் ஓர் ஆராய்ச்சியையே கொண்டு போனேன். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் நடந்தது, 2012இல் வெளிவந்தது. உடம்பு பெருத்த, உட்கார்ந்தே பழகியவர்கள், அதாவது நம் நடுவரின் சொந்தபந்தங்கள். ஒரு பிரிவு ஓட்டம், ஒரு பிரிவு பளு, ஒரு பிரிவு இரண்டும். எட்டு மாதம். முடிவில் 119 பேரின் கணக்கைப் பார்த்தார்கள். ஓட்டப் பிரிவு ஏறக்குறைய 1.8 கிலோ இறங்கியது. பளுப் பிரிவுக்கு எடை இறங்கவில்லை, தசை கூடி 0.8 கிலோ ஏறியிருந்தது. இரண்டையும் செய்தவர்கள் இரண்டு மடங்கு நேரம் செலவழித்தும் ஓட்டப் பிரிவைவிடப் பெரிதாக எடை குறைக்கவில்லை, ஆனால் தசையும் சேர்த்துக்கொண்டார்கள். உணவைக் குறைக்கும்படி யாரிடமும் சொல்லவில்லை என்பதையும் அழுத்திச் சொன்னேன்.

கடையில் அமைதி. தே இழுக்கும் அண்ணன்கூடக் கையை நிறுத்தினார். மூன்று வருட வழக்கு முடிந்தது என்றே நினைத்தேன்.

"வெயிட் தூக்குனா வெயிட் ஏறுதா?" என்று கேட்டார் நடுவர். இரும்புக்கட்சி தலைகுனிந்தது. அடுத்து நடைக்கட்சியின் பக்கம் திரும்பினார். "எட்டு மாசம் ஓடி ரெண்டு கிலோகூட இல்லையா?" அதுவும் தலைகுனிந்தது. "அப்ப இதவிட நல்ல வழி எங்கயோ இருக்கு. அது வர்ற வரைக்கும் பொறுப்போம். தீர்ப்பு ஒத்திவைக்கப்படுகிறது." சொல்லிவிட்டு, எனக்கும் சேர்த்து ஒரு ரொட்டி சொன்னார். தட்டு என்ற மூன்றாவது கட்சி அந்தப் பட்டிமன்றத்தில் வாய் திறந்ததே இல்லை. மேசை நடுவில்தான் எப்போதும் இருக்கிறது.

அன்று பகலில் அவர் வீட்டுக்குப் போக நேர்ந்தது. புதுக் காலணி பெட்டியிலேயே இருந்தது, உள்ளே திணித்த காகிதம்கூட எடுக்கப்படவில்லை. ஜோடி டம்பெல், ஒன்று ஐந்து கிலோ. ஒன்று வாசல் கதவு அடித்துக்கொள்ளாமல் முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது. இன்னொன்றை அவர் அம்மா ஒரு கையில் தூக்கிக்கொண்டு, காய்ந்த மிளகாய்ச் சாக்கு காற்றில் பறக்காமல் இருக்க முற்றத்துக்குப் போனார். வயது எழுபத்தெட்டு. அதை அங்கே வைத்துவிட்டு, குந்தி உட்கார்ந்து மிளகாயைக் கிளறி, தரையில் கை ஊன்றாமல் எழுந்தார். மகன் அதைப் போன தீபாவளிக்கு நகர்த்தப் போய் மூன்று நாள் முதுகுப் பிடிப்பில் கிடந்தவர்.

கிழவி பிராங் பெசார் தோட்டத்துக்காரி. முதல் உலகப் போரில் சண்டை போட்டுத் திரும்பிய பிரிட்டிஷ் அதிகாரிகள் 1921இல் காட்டை அழித்துத் திறந்த தோட்டம் அது. அதனால்தான் மலாயில் 'பெரும்போர்' என்று பேர். அந்த மண்ணின் மேல்தான் இன்று புத்ராஜெயா நிற்கிறது. நிர்வாகத் தலைநகருக்காக அதுவும் பக்கத்துத் தோட்டங்கள் மூன்றும் காலியானபோது, அங்கிருந்த தமிழ்க் குடும்பங்கள் டெங்கிலுக்கு, தாமான் பெர்மாத்தாவுக்கு, மாற்றப்பட்டன. இப்போது நடைக்கட்சி காலுறை மாட்டிக்கொண்டு சுற்றும் பக்கத்தில்தான் இந்த அம்மா இருட்டில் பெரட்டுக்குப் போய், நிரை பிடித்து, நானூறு மரத்துக்கு மேல் வெட்டி, பால் நிரம்பிய வாளிகளைக் காண்டாக் கம்பில் தோளில் ஏற்றிச் சுமந்திருக்கிறார். நாள் கூலிக்கு.

நான் சும்மா இருக்காமல் கேட்டேன். "அம்மா, அப்ப நடையா, பளுவா, எது கஷ்டமா இருந்துச்சு?"

"ரெண்டும் ஒண்ணாத்தான்யா. பாலைத் தூக்காம எப்பிடி நடக்குறது, நடக்காம எப்பிடிக் கொண்டுபோய் நிறுக்குறது?" என்று சொல்லிவிட்டு, "மதியத்துக்குச் சாப்பிட்டுப் போயா, கருவாட்டுக் குழம்பு" என்றார்.

நடுவர் அதையும் குறித்துக்கொண்டார். கலப்பட சாட்சியாம்.

அடுத்த அமர்வு வரும் சனிக்கிழமை காலை ஏழரைக்கு. எந்தக் கட்சிக்காரரும் வந்து பேசலாம். ரொட்டிக் காசு அவரவர் பொறுப்பு.