விளக்கெரியும் கேம்பாய்

நிஷி-கசாய், டோக்கியோ

அன்பு மாப்ளே,

ஊரிலிருந்து கேட்கிறவர்கள் கேசியோ வாட்ச் கேட்பார்கள், மாச்சா கிட்காட் கேட்பார்கள். நீ கேம்பாய் கேட்டாய். அதிலும் ஜப்பானில் மட்டுமே விற்ற, திரையில் விளக்கெரியும் கேம்பாய் லைட்! பர்மா பஜார் பிரிக் கேமைத் தட்டியே பள்ளிக்கூடத்தை முடித்தவனுக்கு இந்த வயதில் என்ன பிரபுத்தனம் என்று உன் அக்கா கேட்கச் சொன்னாள். கேட்டுவிட்டேன்.

நிண்டெண்டோ முதல் கேம்பாயை விட்டது 1989 ஏப்ரலில். விலை 12,500 யென். கலரும் கிடையாது, வெளிச்சமும் கிடையாது. பணத்துக்குப் பஞ்சமில்லை, வேண்டுமென்றே செய்தது. அதன் மூளையான குன்பே யோகோய், நன்றாகப் பழகிப்போன மலிவான பாகங்களில்தான் புது விளையாட்டைக் காட்ட வேண்டும் என்கிற கட்சி. அடுத்த ஆண்டே சேகா கம்பெனி கலரும் விளக்குமாக கேம் கியரைக் கொண்டுவந்தது. அது ஆறு பேட்டரியைச் சில மணி நேரத்தில் உறிஞ்சிவிடும். கேம்பாய் நாலே பேட்டரியில் அதைவிடப் பல மடங்கு நேரம் ஓடும். பேட்டரிக்குக் காசு கொடுப்பது அப்பாக்கள் அல்லவா? இருட்டுப் பெட்டிதான் ஜெயித்தது.

விளக்கு வைத்தது 1998 ஏப்ரலில், 6,800 யென்னுக்கு. அக்டோபரில் கேம்பாய் கலர் வந்ததும் இதைச் சீந்த ஆளில்லை. அந்த அற்பாயுசுக்குத்தான் இன்று நீ விலை கொடுக்கிறாய்.

அகிஹபாராவில் கடைகடையாக ஏறி இறங்கினேன். இங்கே பழைய சாமான் கடைக்காரர் தம் சரக்கைத் தாமே குறை சொல்லி விற்கிறார். திரையில் கீறல், வலது ஓரம் பெயின்ட் போயிருக்கிறது, பேட்டரி மூடி இல்லை என்று சீட்டு எழுதி ஒட்டி, பணம் கட்டும்போது இன்னொரு தடவை விரலால் தொட்டுக் காட்டி, குனிந்து வணக்கமும் போடுகிறார். நம்மூர்க் கல்யாணத் தரகர் இப்படிப் பேசினால் ஒரு முகூர்த்தம் நடக்காது. ஓடுமா ஓடாதா என்று அவருக்கே தெரியாததெல்லாம் ‘ஜங்க்’ என்ற கூடையில் கிடக்கும். வாங்கினால் உன் பாடு.

பளபளவென்று இருந்த ஒன்றை ஒதுக்கினேன். பழைய சர்க்யூட் பலகைக்குப் புதுக்கூடு மாட்டியது அது. உனக்கு வாங்கியது தங்கக்கலர், கட்டைவிரல் படுமிடம் தேய்ந்தது. முதுகில் எம்ஜிபி-101 என்ற எண் இருக்கிறது, மூன்று கால் திருகாணிகளில் நெம்பின வடு இல்லை. எனக்கு முன்னால் நின்ற வெள்ளைக்காரர் சுற்றுலாப் பயணி. பாஸ்போர்ட்டைக் காட்டி வரியைக் கழித்துக்கொண்டார். குப்பையைக்கூட வகை பிரித்துக் கொட்டி இங்கே குடியிருக்கிற எனக்கு 10 சதவீதம் வரி.

கேசட் தனி. சின்னப் பையன்கள் மார்க்கரில் பெயர் எழுதிய கேசட்டுகள் மலிவு. அப்படி ஒரு டெட்ரிஸ் வாங்கினேன். 1996-இல் வந்த போகிமான் பச்சையும் இருந்தது. உள்ளே இருக்கும் பட்டன் பேட்டரி செத்துவிட்டால் ஆடின ஆட்டம் எதுவும் நிற்காது, எழுத்தெல்லாம் ஜப்பானியம். வேண்டாமென்று விட்டேன். டெட்ரிஸுக்குப் பாஷை தேவையில்லை. எந்த நாட்டு கேம்பாய் கேசட்டானாலும் இதில் ஓடும், நீ அங்கேயே தேடிக்கொள்.

பார்சலில் அனுப்பவில்லை. பரிசு என்று எழுதினால் 5,000 ரூபாய் வரை சுங்கவரி கிடையாது என்ற காலம் 2019-லேயே போய்விட்டது. தீபாவளிக்கு ஊர் வரும் நண்பர் கைப்பையில் கொண்டுவருவார். இரண்டு பென்சில் பேட்டரி நீ வாங்கிக்கொள்.

ஒரு விஷயம். உன் அக்காவிடம் விலையைப் பாதியாகச் சொல்லியிருக்கிறேன். போன் பண்ணிக் கேட்டால் நீயும் அதையே சொல்.

உன் மாமா