சமையலறையை வந்து பெற்றுக்கொள்ளவும்

பெருமதிப்பிற்குரிய சார்பதிவாளர் அலுவலகத்துக்கு (ஊர்ப் பெயர் வேண்டாம், பட்டா, வில்லங்கம் என்று மனுதாரர் இன்னும் அந்தப் பக்கம் வரவேண்டியிருக்கிறது),

மனுதாரர் பணிவுடன் தெரிவித்துக்கொள்வது: சென்ற வாரம் அவர் 800 சதுர அடிப் பழைய தனி வீடு ஒன்றை 60 லட்ச ரூபாய்க்குப் பதிய வந்தார். முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். 5,40,000 ரூபாயை முன்பே கட்டியாகிவிட்டது. டோக்கன் கூப்பிட்டு, கைரேகைக்கு விரலை நீட்டிய நேரத்தில், கட்டட மதிப்பு கூடுதலாக வருகிறது, மொத்தம் 64 லட்சம், இன்னும் 36,000 கட்டுங்கள் என்று தங்கள் ஊழியர் கனிவோடு சொன்னார். மனுதாரர் அங்கேயே நின்று சகலைக்குப் போன் போட்டார். பணம் வந்தது. "வீடு வாங்கத் தெரியுது, இதை எடுத்து வைக்கத் தெரியலையா?" என்ற கேள்வியும் ஸ்பீக்கரில் வந்தது. சாட்சிக் கையெழுத்துப் போட வந்த இருவரும் அதற்கும் சாட்சியானார்கள்.

தங்கள் பங்கை ஒப்படைக்கவே இக்கடிதம். சதுர அடி 7,500 ரூபாய். தாங்கள் பெற்ற 5,76,000 ரூபாய்க்கு 76.8 சதுர அடி. எட்டுக்கு ஒன்பது சமையலறை 72 சதுர அடி. ஆகவே சமையலறை தங்களுக்கே. மிச்சத்துக்கு ஹாலில் ஃபிரிட்ஜ் நிற்கிற மூலை. சாம்பார் யார் வைப்பது என்பதைத் தாங்களே முடிவுசெய்து தெரிவிக்கலாம்.

அடுத்து, 45 லட்சம் வங்கிக் கடனுக்காக அசல் பத்திரத்தை ஒப்படைக்கும் ஆவணம். அதற்கு அரை சதவீதத் தீர்வையும் 6,000 ரூபாய் பதிவுக் கட்டணமும் சேர்த்து 28,500. அதுவும் தங்களுக்கே என்பதால் செருப்பு அலமாரியையும் எடுத்துக்கொள்ளுங்கள். வக்கீலின் சட்டக் கருத்து, மதிப்பீட்டாளர், வங்கியின் பரிசீலனைக் கட்டணம், அதன்மேல் ஜிஎஸ்டி, ஆவண எழுத்தர் எல்லோருக்கும் சேர்த்துப் பரண். ஏணி அவரவர் பொறுப்பு. விலை 50 லட்சத்தைத் தொட்டால் விற்பவரின் பணத்தில் 1 சதவீதம் பிடித்து வருமான வரித் துறைக்குக் கட்டும் வேலையும் வாங்குபவர் தலையில்தான். அது அவர் பணமில்லை என்பதால் அத்துறைக்கு அறை கிடையாது. மொட்டை மாடியில் காற்று வாங்கிக்கொள்ளலாம்.

தங்கள் துறையின் தயாள குணம் ஊரறிந்தது. 2017இல் வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்தது. கையோடு பதிவுக் கட்டணத்தை 1 சதவீதத்திலிருந்து 4 ஆக்கியது. 2023 ஏப்ரலில் கட்டணத்தை 2 ஆக்கியது. கையோடு மதிப்பைப் பழைய உயரத்துக்கு ஏற்றியது. 2025 ஏப்ரல் முதல் பெண்கள் பெயரில் பதிந்தால் 1 சதவீதம் சலுகை, 10 லட்சம் வரையுள்ள சொத்துக்கு. அந்த விலையில் வீடு விற்கும் தெருவைச் சொன்னால் மனுதாரரின் மனைவி நாளைக்கே வருவார்.

இந்தச் செலவுக்குக் கடனும் கிடைக்காது. 10 லட்சத்துக்கு மேற்பட்ட வீடென்றால் தீர்வையையும் பதிவுக் கட்டணத்தையும் சொத்து மதிப்பில் சேர்த்துக் கடன் கொடுக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. அத்தனையும் கைக்காசு. நகையை விற்று, சீட்டை எடுத்து, சொந்தக்காரர் வாசலில் நின்று சேர்த்த காசு. அதில் இன்னும் எவ்வளவு குறைகிறது என்பதை விரல் வைக்கிற நிமிடத்தில்தான் சொல்வீர்களா? நாலு பேர் நடுவில் ஒரு மனுஷனைக் கையேந்த வைக்க உங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

மன்னிக்கவும். சமையலறையில் புகை அதிகம்.

மனுதாரர் வேண்டுவது ஒன்றே: ஆவண வரைவை ஏற்றும்போதே கட்டட மதிப்பையும் முடிவுசெய்து, மொத்தத் தொகையை ஒரே தாளில் கொடுத்துவிடுங்கள். அதுவரை, 60 லட்சத்துக்கு வீடு பார்ப்பவர்கள் 7 லட்சத்தைத் தனியே எடுத்து வைத்துவிட்டு அட்வான்ஸ் கொடுப்பது நல்லது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள மனுதாரர்