ஓனர் யோசிக்கிறார்

நாமக்கல் டீக்கடையில் நின்று ‘ஓனர்’ என்று கூப்பிட்டால் நாலு பேராவது திரும்பிப் பார்ப்பார்கள். நாலு பேரும் ஒரே அச்சு. வெள்ளைச் சட்டை, பாக்கெட்டில் ரப்பர் பேண்டு போட்ட காகிதக் கட்டு, வீட்டு வாசலில் இரண்டு லாரி, காட்டில் கோழிப்பண்ணை, பண்ணைக்குப் பின்னால் கறவை மாடு. இவ்வளவுக்கும் இன்சூரன்ஸ் இருக்கிறது. ஒன்றைக்கூட ஓனர் தானாக விரும்பிப் போட்டதில்லை.

லாரிக்கு மோட்டார் வாகனச் சட்டம் போடச் சொன்னது. தேர்டு பார்ட்டி இல்லாமல் வண்டி ரோட்டில் ஏற முடியாது. மாட்டுக்கு, லோன் கொடுத்த பேங்க் போடச் சொன்னது. அவர் உயிருக்கு மச்சான் போடச் சொன்னார், மச்சான் எல்.ஐ.சி. ஏஜெண்ட், அது மார்ச் மாதம். இப்படி மூன்று பேர் பிடரியைப் பிடித்துத் தள்ளியதில்தான், முன்யோசனைக்காரர் என்று ஓனருக்கு ஊரில் பெயர்.

இப்போது வந்திருப்பது நாய். பெங்களூரில் ஐ.டி. வேலையிலிருக்கும் மகள் ஆசைப்பட்டு வாங்கி, அபார்ட்மெண்டில் சண்டை வந்ததும் அப்பா வீட்டில் கொண்டுவந்து விட்ட லாப்ரடார். “நாயெல்லாம் வாசப்படியோட நிக்கோணும்” என்று முதல் வாரம் சட்டம் போட்டவர், மூன்றாம் மாதம் தன் தட்டிலிருக்கும் முட்டையில் மஞ்சள் கருவைத் தோண்டி எடுத்து அதற்குக் கொடுக்கிறார். கேட்டால், “எனக்குக் கொலஸ்ட்ராலுங்க” என்கிறார்.

அந்த மகள்தான் வாட்ஸப்பில் நாய் இன்சூரன்ஸ் விவரத்தை அனுப்பி, கூடவே பிரீமியம் எவ்வளவு என்பதையும் எழுதியிருந்தாள். நாய்க்குக் காப்பீடு ஒன்றும் நேற்று முளைத்ததல்ல. நியூ இந்தியா, ஓரியண்டல் போன்ற அரசுக் கம்பெனிகள் வெகுகாலமாக வைத்திருக்கின்றன. 2020 ஆகஸ்டில் பஜாஜ் அலையன்ஸ், கலப்பினத்தையும் நாட்டு நாயையும்கூடச் சேர்த்து ஒரு பாலிசி கொண்டுவந்தது. ஆபரேஷன், ஆஸ்பத்திரிச் செலவு, சாவு, தொலைந்து போவது என்று பல பிரிவுகள். ஓனர் மச்சான் மகனைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

“ஏப்பா, வருசா வருசம் ஐ.டி.வி. கொறையுமா?”

“அது வண்டிக்குங்க மாமா.”

“காதுல வில்லை குத்துவாங்களா?”

“அது மாட்டுக்குங்க மாமா. இதுக்குச் சிப்பு. வெச்சா பிரீமியத்துல தள்ளுபடி தர்ற கம்பெனியும் இருக்குதுங்க.”

“ரோட்டுல போறவனைக் கடிச்சு வெச்சா?”

“அதுக்குத் தேர்டு பார்ட்டி சேத்திக்கலாமுங்க மாமா.”

ஓனர் முகம் முதல் தடவையாக மலர்ந்தது. நாய் அவருக்குப் புரிகிற வாகனமாகிவிட்டது. “செரி, நம்ம டிரைவரைக் கடிச்சா?” என்றார். பையன் கேட்டுச் சொல்வதாகக் கிளம்பிப் போனான்.

மறுநாள் திரும்பி வந்தவனிடம் கேட்க ஓனருக்கு வேறு கேள்வி தயாராக இருந்தது. தடுப்பூசி போட்டிருந்தால் தடுத்திருக்கக்கூடிய நோய், ஊசி போடாமல் வந்தால் பணம் கிடையாது. ஊசிச் செலவையும் பொதுவாகப் பாலிசி தருவதில்லை. “ஊசி போட்டா நோய் வராது. போடாட்டி நோய் வரும், பணம் வராது. அப்பறம் எனத்துக்குங் தம்பி?” ஆபரேஷன் என்று ஒன்று இருக்கிறதே என்று பையன் எடுத்துக் கொடுத்தான். லாப்ரடார் கண்டதையும் விழுங்கும் ஜாதி. சேலத்து மாம்பழ சீசனில் ஒரு கொட்டை குடலில் சிக்கினால் வயிற்றைக் கிழித்துத்தான் எடுக்க வேண்டும். “நம்மூர்லயே வெட்னரி காலேஜு இருக்குதல்லோ!” என்றார் ஓனர். 1985-இல் வந்த கல்லூரி. ஆடு, மாடு, கோழி, நாய் எல்லாம் ஒரே வாசலில் நுழையும். பெங்களூர் கிளினிக் பில்லை மனத்தில் வைத்துப் போட்ட பிரீமியத்தை நாமக்கல்லில் உட்கார்ந்து ஏன் கட்டவேண்டும் என்று அவர் கேட்பதில் நியாயம் இல்லாமல் இல்லை.

ஆனால் ஓனரைத் தடுப்பது அந்தக் கணக்கல்ல. அவர் நோட்டில் எந்தச் செலவுக்கும் எதிர்ப்பக்கத்தில் ஒரு வரவு இருக்கும். லாரிக்கு வாடகை, மாட்டுக்குப் பால். கோழி 70, 80 வார வயதில் முட்டையிட்டு ஓய்ந்தால் கறிக்கு எடை போட்டுவிடலாம். நாய்க்கு எதிர்ப்பக்கம் வெறும் தாள். அதனால்தான் அதன் பிஸ்கட்டும் ஷாம்புவும் இத்தனை நாளாகக் ‘கோழித் தீவனம்’ என்ற தலைப்பில் ஏறிக்கொண்டிருக்கின்றன. இன்சூரன்ஸ் என்றால் ரசீதில் நாயின் பெயரே அச்சாகி வரும். நாய்மேல் பிரியம் என்பதை எழுத்துமூலம் ஒப்புக்கொண்டதாகிவிடும்.

வீட்டம்மாவுக்கு இது தெரியாமலா இருக்கும்? “ஏனுங்க, போன மாசம் லாரி முகப்புல திருஷ்டிக்குனு பூதம் எழுதுனீங்களே, அதுக்கு என்னங்க வரவு?”

“அது வண்டிக்கு ஒண்ணும் ஆவக்கூடாதுன்னு.”

“இதும் அதுக்குத்தானுங்க.”

ஓனர் போனை எடுத்து, ஏற்கெனவே பார்த்துவிட்ட அன்றைய முட்டை விலையை மறுபடி பார்த்தார். பிறகு, “ஆடி போவட்டும்” என்றார். ஆடியும் ஆவணியும் போனால் புரட்டாசி வரும். அது போனால் லாரிக்கு எஃப்.சி. வரும், அப்புறம் தை பிறக்கவேண்டும். வயது ஏறிய நாயைக் கம்பெனிகள் புதிதாகச் சேர்ப்பதில்லை என்று பையன் எச்சரித்தான். “அப்பிடி ஒரு ரூல்ஸ் இருக்குதா?” என்று ஓனர் ஆவலாகக் கேட்டார்.

இதற்கு ஒரே வழிதான் உண்டு. நாய் வைத்திருப்பவர்கள் கட்டாயம் இன்சூரன்ஸ் போடவேண்டும் என்று அரசாங்கம் ஒரு சட்டம் கொண்டுவந்தால், முதல் நாள் காலையில் முதல் ஆளாய்ப் போய்ப் பணத்தைக் கட்டிவிட்டு, டீக்கடைக்கு வந்து, “மனுசன் ஒரு நாயி வளக்கக்கூட முடியல பாருங்க” என்று அரசாங்கத்தை மதியம்வரை நிம்மதியாகத் திட்டிக்கொண்டிருப்பார்.