நின்றவரே பாய்: காற்று நாளில் துடுப்புப் பலகையின் இலக்கணம்

மாட்டுவண்டியை யாரும் சாட்டைவண்டி என்று சொல்வதில்லை. சாட்டை வண்டியில் இருக்கிறது, அவ்வப்போது வேலையும் செய்கிறது. ஆனாலும் இழுப்பது மாடு என்பதில் நம் முன்னோருக்குக் குழப்பம் இருந்ததில்லை. இந்தத் தெளிவு பேடில்போர்டு விஷயத்தில் வாய்க்காமல் போய்விட்டது. பத்தரை அடி நீளமும் 32 அங்குல அகலமும் கொண்ட, பெரும்பாலும் காற்றடைத்து உப்பவைத்த ஒரு பலகை. அதன்மேல் நின்றுகொண்டிருக்கும் ஒருவர். அவர் கையில் நீண்ட துடுப்பு. இதைத் துடுப்புப் பலகை என்கிறோம். காற்று ஓய்ந்திருக்கும் விடியற்காலையில் இந்தப் பெயர் பொருந்தும். காற்றடிக்கும் நாளிலோ அது பாய்மரக் கலம், ஏறி நிற்பவரே அதன் பாய் என்பது இக்கட்டுரையின் துணிபு. ஆய்வுக்களம் கோவளம் கடற்கரையும் அதை ஒட்டி வடக்கே கிடக்கும் முட்டுக்காட்டுக் கழியும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வீடு உள்ளவர்களுக்கு இரண்டும் ‘இதோ பக்கத்தில்’ என்னும் தூரம்.

இந்தக் கலத்தின் இனம் பற்றி அறிஞருலகம் ஏற்கெனவே அடித்துக்கொண்டிருக்கிறது. அலைச்சறுக்கின் உலகச் சங்கம் இது பலகை, ஆகவே எங்களுடையது என்றது. கனூ படகோட்டத்தின் உலகச் சங்கம் இதில் துடுப்பு இருக்கிறது, ஆகவே எங்களுடையது என்றது. வழக்கு விளையாட்டுக்கான நடுவர் நீதிமன்றம் வரை போய், 2020 ஆகஸ்டில், ஒலிம்பிக் அளவில் உரிமை அலைச்சறுக்குச் சங்கத்துக்கே என்று தீர்ப்பாயிற்று. அதற்கு 12 ஆண்டுகள் முன்பே அமெரிக்கக் கடலோரக் காவல்படை வேறொரு முடிவுக்கு வந்திருந்தது: குளிக்கும் எல்லையையும் அலைச்சறுக்கு எல்லையையும் தாண்டிப் போனால் இது ஒரு கலம். இத்தனை பேர் கூடியும், காற்று நாளில் இதைப் பாய்மரச் சங்கத்தின் வாசலில் கொண்டுபோய் விட வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. வழக்கறிஞர்கள் அறைக்குள் உட்கார்ந்து வாதாடியது காரணமாக இருக்கலாம்.

சான்றுக்கு வருவோம். காற்றின் தள்ளுவிசை அதன் வேகத்தின் வர்க்கத்தை ஒட்டி ஏறும். நடுத்தர உடலினர் ஒருவர் நிமிர்ந்து நின்றால், மணிக்கு 18 கிலோமீட்டர் காற்று அவரை ஏறத்தாழ ஒன்றேகால் கிலோ எடையின் கனத்தோடு தள்ளுகிறது. காற்று 36 கிலோமீட்டர் ஆனால் கனம் இருமடங்காவதில்லை, நான்கு மடங்காகி ஐந்து கிலோவைத் தொடுகிறது. ஒன்றேகால் கிலோதானே, காய்கறிப் பை அளவுகூட இல்லையே எனின், பையை நடுவழியில் கீழே வைத்து இளைப்பாறலாம். காற்று அப்படி இறக்கி வைக்க விடாது. துடுப்போ தண்ணீருக்குள் இருக்கும் நேரம் மட்டுமே உழைக்கும். அடுத்த வலிப்புக்காக மேலே தூக்கி முன்னே கொண்டுபோகும் நேரத்தில் அதன் அலகும் காற்றை வாங்கிக்கொண்டு ஒரு சிறு பாயாகிவிடுகிறது. எதிரிக்கு அரைநேர ஊழியம் செய்யும் கருவியைக் கலத்தின் பெயரில் தூக்கி வைத்திருக்கிறோம். 1805ஐ ஒட்டிக் காற்றளவை வகுக்கத் தொடங்கிய பிரான்சிஸ் போஃபர்ட், போர்க்கப்பல் எத்தனை பாயைத் தாங்கும் என்பதைக் கொண்டு காற்றை அளந்தார் என்பதும் இங்கே நினைக்கத் தக்கது. காற்றுக்கு உரைகல் எப்போதும் பாய்தான். நம் ஊரில் மொட்டைமாடிக் கொடியில் காயும் வேட்டி அந்த வேலையைச் செய்கிறது. அது கொடிக்குக் கிடையாக நீண்டு படபடக்கும்போது பலகையோடு கிளம்புகிறவர், கொடியில்லாத வேட்டியாகக் கிளம்புகிறார்.

பாய் என்றால் துணியும் மரமும் வேண்டாமோ என்பார் உளர். நம் கட்டுமரத்திலும் ஆள், துடுப்பு, பாய் என மூன்றும் தனித்தனியே உள்ளனவே, ஆளையும் பாயையும் ஒன்றாக்குவது எப்படி என்றும் கேட்பர். அற்றன்று. கட்டுமரத்தில் ஆள் வேறு, பாய் வேறு என்பதால்தான் வேண்டியபோது விரிக்கவும் வேண்டாதபோது இறக்கவும் முடிகிறது. பலகையில் அந்த வசதி இல்லாமல் போனதே தவிர, பாய் இல்லாமல் போகவில்லை. கரிகாலனின் முன்னோர் ஒருவர் காற்றை ஏவல் கொண்டு கலம் செலுத்தியதாகப் புறநானூற்றில் வெண்ணிக்குயத்தியார் பாடுகிறார். அந்த முன்னோர் காற்றை ஏவினார். பலகையில் நிற்பவரைக் காற்று ஏவுகிறது.

பாய்க்கலம் என்றால் எதிர்க்காற்றிலும் வளைந்து வளைந்து முன்னேறுமே, இது அப்படிப் போகவில்லையே என்பது இன்னும் வலிய தடை. அது உண்மை. ஆனால் அந்த வித்தைக்கு அடியில் ஆழமான பிடிப்பு வேண்டும். பலகைக்கு இருப்பதெல்லாம் பின்கோடியில் செருகிய சிறு செதில். பின்புறம் தண்ணீரைப் பற்றிக்கொள்ள, பிடிப்பற்ற மூக்கு காற்று போகும் பக்கம் திரும்பிவிடுகிறது. அதை நேராக்க ஒரே பக்கமாகத் துடுப்பு போட்டுப் போட்டு ஒரு தோள் மட்டும் களைக்கிறது. எனவே இது மோசமான பாய்க்கலம் என்று சொல்வதற்கு இடமுண்டு, பாய்க்கலமே அன்று என்பதற்கு இல்லை. மோசமாகப் பாடுகிறவரும் பாடுகிறார்.

இனி, வீட்டருகேதானே என்னும் தடை. மேலுக்கு மிக நியாயமாகத் தெரிவதால் இதைச் சற்று விரித்தே பார்க்க வேண்டும். ஒருவர் சாதாரணமாக மணிக்கு 5 கிலோமீட்டர் போவார் என்று கொள்வோம். காற்றின் உபயம் மணிக்கு 2 கிலோமீட்டர் என்றும் கொள்வோம். காற்றோடு ஒரு கிலோமீட்டர் போக 9 நிமிடம்கூட ஆகாது. அதே ஒரு கிலோமீட்டர் திரும்பி வர 20 நிமிடம். காற்றின் உபயம் 5 ஆகிவிட்டால், போக 6 நிமிடம். திரும்ப எத்தனை நிமிடம் என்பதற்கு எண்ணே கிடையாது. கழியின் அக்கரையிலிருந்து பார்த்தால் அடுக்ககத்தின் பால்கனி தெரியும், அதில் காயும் துண்டின் நிறம்கூடத் தெரியும். வீடு மட்டும் முடிவிலியில் இருக்கும். ஆக, ‘அருகு’ என்பது இடத்தின் குணம் அன்று, அன்றைய காற்றின் குணம். தரகர்கள் ‘கடலிலிருந்து ஐந்தே நிமிடம்’ என்று விளம்பரம் செய்யும்போது எந்தத் திசைக் காற்றில் என்று குறிப்பிடாதது இத்துறையின் நெடுநாள் குறை.

திசைதான் இங்கே பெரிய விஷயம். ஆனி மாதக் காலைகளில் சென்னைக் கரையில் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து, நிலத்திலிருந்து கடலுக்கு வீசுகிறது. கடற்காற்று எதிர்த்திசையில் ஏறி வர உச்சிப்பொழுதோ அதற்கு மேலோ ஆகும். சில நாள் மாலைவரை காக்கவைக்கும். மேல்காற்று வீசும் காலையில் கரையோரத் தண்ணீர் கண்ணாடியாகக் கிடக்கும், ஏனென்றால் சிற்றலை வளர்வதற்குக் காற்றுக்கு அங்கே ஓடுதூரம் இல்லை. கட்டடங்களும் சவுக்குத் தோப்பும் மறைப்பதால் நிற்பவர் முதுகில் காற்றும் உறைப்பதில்லை. தன் துடுப்புவீச்சு திடீரென்று தேர்ந்துவிட்டதாக நினைத்து அவர் மகிழ்வார். கரையிலிருந்து விலக விலக அலையும் காற்றும் சேர்ந்து வளரும்; திரும்பிப் பார்க்கும்போதுதான் அது துடுப்பின் திறமை அல்ல, பாயின் திறமை என்று தெரியவரும். பிற்பகல் கடற்காற்று முரட்டுத்தனமாக அலையடித்துப் பயமுறுத்தினாலும், தள்ளுவது கரைப்பக்கமாகத்தான். சத்தம் போடும் காற்று வீட்டுக்கு அனுப்புகிறது, பேசாத காற்று கடலுக்கு அனுப்புகிறது. நின்றவர் தடுமாறித் தண்ணீரில் விழுந்தால் கலத்தின் உறுப்புகள் மறுபடி இடம் மாறுகின்றன. பத்துக் கிலோ எடையுள்ள வெறும்பலகை, நீந்துகிறவர் எட்ட முடியாத விரைவில் காற்றோடு ஓடப் பார்க்கும். கணுக்காலில் கட்டிய வார் இருந்தால், விழுந்தவர் அந்தக் கணமே நங்கூரம் ஆகிவிடுகிறார். ஒரே ஆள் மேலே பாய், கீழே நங்கூரம். இந்தச் சிக்கனம் வேறெந்தக் கலத்திலும் இல்லை.

பாய் என்றால் சுருட்ட முடிய வேண்டுமே என்பது எஞ்சிய ஒரே தடை. முடியும். முழந்தாளிட்டால் பாதி சுருங்கும். குப்புறப் படுத்தால் ஏறக்குறைய முழுதும். பாயில் ஆள் படுப்பது உலக வழக்கு, இங்கே பாயே படுத்துக்கொள்கிறது. படுத்தபின் இரு கைகளாலும் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு எதிர்க்காற்றில் ஊர்வதே இத்துறையில் தேர்ந்தவர்கள் சொல்லித்தரும் முறை. துடுப்பு நழுவிப் போகாமல் அதன் அலகை நெஞ்சுக்கடியில் அமுக்கிக்கொள்ள வேண்டும் என்றும் சொல்லித்தருகிறார்கள். ஆக, கரை வந்து சேரும் அந்தக் கடைசித் தூரம் முழுக்க, கலத்துக்குப் பெயர் தந்த உறுப்பு நெஞ்சுக்கடியில் சும்மா கிடந்து வருகிறது.